குருதி கூறும் சாட்சி

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் விடியுமுன்னரே அடுப்பு மூட்டும் உணவுச்சாலைகள் பல. அங்கே மாப் பிசையும் கையிலே கிருமி ஒட்டியிருக்குமாயின், ஒருவருக்கு வந்த நெருப்புக் காய்ச்சல் ஊரார்க்கும் உரியதாகிவிடும். ஆதலினாலேயே உணவைக் கையாள்வோர்க்கு நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி இடப்படுகிறது. ஊசி ஏற்றியாயிற்று, அட்டையிலே திகதியும் குறித்தாயிற்று. ஆனால், அவ்வூசி உடலினுள்ளே தன் பணியைச் செய்ததா என்பதை அறிவது எங்ஙனம்?

விடை குருதியில் உண்டு. அதனை வாசிக்கும் முறையை மனிதர் கற்றுக்கொண்ட கதையே இங்குக் கூறப்படுவது.

நெருப்புக் காய்ச்சற் கிருமி தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்துக்கொள்கிறது. வெல்ல அலகுகள் சங்கிலிபோற் கோக்கப்பட்ட பல்சக்கரைட்டினால் ஆனது அப்போர்வை. 1934ஆம் ஆண்டில் பீலிக்ஸ், பிற் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து ‘வி’ எனப் பெயரிட்டனர். இன்று பயன்படும் தடுப்பூசி வகைகளுள் ஒன்றில் முழுக் கிருமி இல்லை. அப்போர்வையின் தூய வெல்லம் மாத்திரமே உண்டு. ஒரு தடவைக்குரிய அளவு 25 மைக்கிரோகிராம். மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதனைக் கண்ட உடல், அதனோடு பொருந்திப் பற்றும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களை ஆக்குகிறது.

இவற்றை அளப்பது எப்படி? நியுமோனியாவை விளைக்கும் நியுமோகொக்கசுக் கிருமிக்கும் இத்தகைய வெல்லப் போர்வை உண்டு. 1929ஆம் ஆண்டில் மைக்கேல் ஐடல்பேகர் என்னும் இரசாயன அறிஞர் அதனைக் கொண்டு ஓர் எளிய உண்மையைப் பயன்படுத்தினார். புரதத்திலே நைதரசன் உண்டு. அவர் தெரிந்தெடுத்த வெல்லத்திலே அது இல்லை. ஆகவே வெல்லத்தையும் நீர்ப்பாயத்தையும் கலக்கும்போது படியும் வீழ்படிவில் எவ்வளவு நைதரசன் உண்டோ, அது பிறபொருளெதிரியின் அளவைக் காட்டும். அதுவரை ‘உண்டு, இல்லை’ என்று மாத்திரம் கூறப்பட்ட ஒன்று, அன்று முதல் நிறுத்துக் கூறத்தக்கதாயிற்று.

எனினும் நிறுத்தல் மாத்திரம் போதாது; நிறுக்கப்பட்டது எது என்பதும் தெரிதல் வேண்டும். இவ்விடத்திலேதான் கொழும்போடு தொடர்புடைய ஒருவரின் பணி நினைவுக்கு வருகிறது. இத்தாலியரான அல்டோ காஸ்தெல்லானி 1903ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, கொழும்பிலே பற்றீரியா ஆய்வை நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டிலே அவர் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். நோயாளியின் நீர்ப்பாயத்தோடு ஒரு வகைக் கிருமியைக் கலந்தால், அக்கிருமிக்குரிய பிறபொருளெதிரிகள் அதனோடு ஒட்டி அகன்றுவிடும். எஞ்சியவை வேறொரு கிருமியைத் திரளச் செய்யுமாயின், அவை அதற்கே உரியவை. நெல்லிலிருந்து பதரைப் புடைத்து எடுப்பது போன்றது இம்முறை.

இன்றைய ஆய்வுகூடத்திலும் அந்தச் சுளகு ஓயவில்லை. 96 குழிகள் கொண்ட சிறிய தட்டிலே வெல்லத்தைப் பூசுவர். நீர்ப்பாயத்தை இரண்டாய், நான்காய், எட்டாய் நீர்த்துக் குழிகளில் இடுவர். ஒட்டிய பிறபொருளெதிரியைத் தேடிப் பற்றும் நொதியம் சேர்ந்த மருந்தொன்றை ஊற்றினால் நிறம் தோன்றும். நிறம் அடர்ந்தால் அளவு மிகுதி. 1971ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முறை ‘எலைசா’ எனப்படும். நியுமோகொக்கசை அளக்கும்போது, அக்கிருமியின் எல்லா வகைகளுக்கும் பொதுவான சுவர் வெல்லத்தைப் பற்றும் பிறபொருளெதிரிகளை முன்னரே உறிஞ்சி அகற்றுவர். அவை பலருடைய குருதியில் உண்டு; ஆயினும் காவல் தருவன அல்ல. அவற்றை அகற்றாவிடின், காவலில்லாதவரும் காவல் பெற்றவர்போலத் தோன்றுவர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 1896ஆம் ஆண்டு முதல் வழங்கும் விடால் சோதனை, கிருமியின் உடலுக்கும் அதன் இழைகளுக்கும் எதிரானவற்றையே காட்டும். வெல்லப் போர்வைக்கு எதிரானவற்றைக் காட்டாது. ஆதலால் ‘வி’ ஊசி பெற்ற ஒருவர் விடால் சோதனை செய்து, “ஒன்றும் தெரியவில்லையே, ஊசி பலிக்கவில்லை” என வருந்துதல் பிழை. ஊசியின் பயனை அறிய, அது இடுமுன் ஒரு தடவையும், ஏறக்குறைய நான்கு கிழமைகளின் பின் ஒரு தடவையும் குருதி எடுத்து, இரண்டையும் ஒப்பிடல் வேண்டும்.

இவ்வளவையால் விளைந்த பெரும் பயன் குழந்தைகளுக்கு உரியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெல்லத்தை மாத்திரம் ஏற்றினால் உடல் நன்கு விடையிறுப்பதில்லை. குருதியை அளந்தே இது தெளிவாயிற்று. வெல்லத்தைப் புரதமொன்றோடு இணைத்தபோது குழந்தையின் உடலும் விழித்தது. ஐதராபாத்திலே ஆக்கப்படும் அத்தகைய நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி ஒன்றினை, ஆறு மாதக் குழந்தை முதலாகப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

ஆயினும் அளவு ஒன்று, காவல் மற்றொன்று. நியுமோகொக்கசு இணைப்பூசிகளை ஒப்பிட, மில்லிலீற்றருக்கு 0.35 மைக்கிரோகிராம் என்னும் எல்லை வழங்குகிறது. அது குழந்தைகள் பலரைச் சேர்த்துப் பார்ப்பதற்கான எல்லையேயன்றி, தனியொரு குழந்தைக்கு உறுதிச்சீட்டன்று. ஆதலின், பிறபொருளெதிரி கிருமியைக் கொல்ல உதவுகிறதா என்பதையும் வெண்குருதிக் கலங்களோடு கலந்து சோதிப்பர். முடிந்த முடிபைத் தருவது மக்களிடையே நடக்கும் ஆய்வே. கல்கத்தாவிலே 80 பகுதிகளில் ‘வி’ ஊசியை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, ஊசி பெற்றோரிடையே நோய் 61 வீதம் குறைந்ததெனக் கூறியது.

61 வீதம் சிறிதன்று, நூறும் அன்று. தனி வெல்ல ஊசியின் காவல் காலத்தோடு தளரும். மூன்றாண்டுக்கொரு முறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். ஆகவே, வெள்ளவத்தை உணவுச்சாலையின் சமையற்காரர் ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்; அதன் திகதியையும் மறவாதிருக்கட்டும். ஆனால் அட்டை இருக்கிறதென்று சவர்க்காரத்தை மறத்தலாகாது. குடத்திலே கொதித்தாறிய நீர் குறைதலுமாகாது. குருதி கூறும் சாட்சி உண்மையானதே. அச்சாட்சி எதற்கு உரியதோ, அதற்கு மாத்திரம் அதனை ஏற்றல் அறிவுடைமை.