கடலும் சட்டமும்

பெங்களூரு விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைதோறும் தமிழ் மக்கள் திரளாக வருவதை அந்நகரில் வாழும் நேயர்கள் அறிவார்கள். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் அங்கே என்னைக் கண்டு, "ஐயா, கடலில் நம் பிள்ளைகளைச் சுட்ட வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இன்று சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள். கேரளக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 20 கடல் மைல் தொலைவில் செயின்ட் ஆன்டனி என்னும் மீன்பிடி விசைப்படகு சென்றுகொண்டிருந்தது. அவ்வழியே இத்தாலியக் கொடி தாங்கிய என்ரிகா லெக்சி என்னும் எண்ணெய்க் கப்பல் வந்தது. கடற்கொள்ளையரைத் தடுக்கவென அதில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் காவலிருந்தனர். கப்பலிலிருந்து வந்த குண்டுகளுக்கு இரு மீனவர்கள் இரையாயினர். ஒருவர் கொல்லத்தவர், மற்றவர் குமரி மாவட்டத்தவர். கொள்ளையர் என ஐயுற்று எச்சரிக்கைக்காகச் சுட்டதாக இத்தாலியத் தரப்பு கூறிற்று. கேரளக் காவல்துறை வீரர் இருவரைக் கைது செய்தது.

இனித்தான் சட்டச் சிக்கல். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் நாட்டின் முழு ஆட்சி செல்லும். அதற்கப்பால் 200 மைல் வரை மீன்வளத்திலும் கடலடிச் செல்வத்திலும் நமக்கு உரிமையுண்டு; முழு ஆட்சி இல்லை. அவ்விடம் வீடும் அன்று, வீதியும் அன்று, திண்ணை எனலாம். ஆகவே இவ்வழக்கை விசாரிக்கக் கேரளத்திற்கு அதிகாரமில்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கவேண்டும் என்று 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. வழக்கு நீண்டது. 2015இல் இத்தாலி, கடற்சட்ட உடன்படிக்கையின்படி இதனைப் பன்னாட்டு நடுவர் மன்றத்திற்குக் கொண்டுசென்றது.

ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் துணையோடு நடந்த அம்மன்றம் 2020 மே 21இல் தீர்ப்பளித்தது. நடுவர் ஐவருள் மூவர், வீரர்கள் தம் அரசின் பணியாளர்களாகச் செயற்பட்டமையால் இந்தியா அவர்கள்மேல் குற்ற விசாரணை நடத்தலாகாது என்றனர். இருவர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் நம் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது என்றும், இழப்பீடு தரக் கடமைப்பட்டது என்றும் மன்றம் கூறிற்று. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. இறந்தோர் குடும்பங்களுக்கு 4 கோடி வீதமும் படகின் உரிமையாளருக்கு 2 கோடியும் என வகுத்து, 2021 ஜூன் 15இல் உச்சநீதிமன்றம் வழக்கை முடித்தது. ரோமில் நடந்த புலனாய்வும் 2022இல் கைவிடப்பட்டது.

இரு நாடுகள் பகைத்துக்கொள்ளாமல் வழக்காடின என்பது சிறிய காரியமன்று. சாதாரண மீன்படகுக்கும் கடலில் உரிமையுண்டு என ஓர் அரசே கேட்டுக்கொள்ள நேர்ந்ததும் அவ்வாறே. எனினும் குற்றவியல் விசாரணை எந்த நாட்டிலும் நடந்து முடியவில்லை. பெரியவர் தொகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சுட்டது யார் என்று கோர்ட்டில் தீர்ப்பாயிற்றா?" என்றே கேட்டார். இல்லை என்றேன். மெழுகுவத்தியைக் கையிலெடுத்துக்கொண்டு ஆலயத்தினுள் சென்றுவிட்டார்.