நடுவழியில் ஒரு சோதனை



மருந்து பலன் தருமா என்பதை அறியச் சிகிச்சை முடியும்வரை காத்திருப்பதே நெடுங்கால வழக்கம். ஹொட்ஜ்கின் நோயில் அவ்வழக்கம் மாறிய வரலாறு அறியத்தக்கது.

நிணநீர்க் கணுக்களில் தோன்றும் இப்புற்றுநோயை, இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்த தோமஸ் ஹொட்ஜ்கின் 1832 ஆம் ஆண்டில் விவரித்தார். இன்று இந்நோயாளரிற் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆயினும் மருந்துகள் கடுமையானவை. நெடுங்காலமாக வழங்கிவந்த நான்கு மருந்துகளுள் ஒன்றாகிய பிளியோமைசின், நுரையீரலைப் பழுதாக்க வல்லது. குறைத்துக் கொடுத்தால் நோய் மீளும். மிகுத்துக் கொடுத்தால் மருந்தே தீங்காகும். இவ்விரண்டுக்கும் நடுவே வைத்தியர் எவ்வாறு வழி காண்பது?

புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை மிகுதியாக உட்கொள்பவை. கதிரியக்கப் புளோரின் சேர்ந்த குளுக்கோசு போன்ற ஒரு பொருளைக் குருதியிற் செலுத்திப் பெற் கருவியினாற் படம்பிடித்தால், நோய் உயிர்ப்போடுள்ள இடம் ஒளிர்ந்து தோன்றும். மருந்தினால் இறந்துபோன கட்டியின் தழும்போ ஒளிராது.

இத்தாலிய, டென்மார்க்கு வைத்தியர்கள் நோய் முதிர்ந்த 260 பேரை ஆராய்ந்து, 2007 இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு சுற்று மருந்தின் பின் எடுத்த படத்தில் ஒளி அடங்கியோருள் நூற்றுக்கு 95 பேர், ஈராண்டின் பின்னும் நோய் தலைதூக்காதிருந்தனர். ஒளி அடங்காதோருள் நூற்றுக்கு 13 பேரே அவ்வாறிருந்தனர். படத்தை எல்லோரும் ஒரே வகையாக மதிப்பிடுவதற்காக, ஈரலின் ஒளி முதலியவற்றோடு ஒப்பிடும் ஐந்துபடி அளவுகோலொன்று, 2009 இல் பிரான்சின் டோவில் நகரிற் கூடிய அறிஞர்களால் முன்வைக்கப்பட்டது.

முன்னறிந்தாற் போதுமா? அறிந்ததைக் கொண்டு செய்வதன்றோ பயன்! 1,200 பேருக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட ஆய்வொன்று 2016 இல் விடை தந்தது. ஒளி அடங்கியோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிளியோமைசின் நிறுத்தப்பட்டது. மூன்றாண்டின் பின், நிறுத்தியோர், தொடர்ந்தோர் ஆகிய இரு சாராரிலும் நூற்றுக்கு 97 பேர் உயிரோடிருந்தனர். நிறுத்தியோருக்கு நுரையீரற் பழுதும் குறைந்தது. ஒளி அடங்காதோருக்கு வலிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவர்களுள் மூவரில் இருவர், மூன்றாண்டின் பின்னும் நோய் தலைதூக்காதிருந்தனர்.

எனினும் படம் தவறாத சாட்சியன்று. கிருமித்தொற்றும் அழற்சியும் ஒளிரும். ஒளி அடங்கியோர் சிலருக்கும் நோய் மீளும். நிணநீர்ப் புற்றுநோயின் வேறு வகைகள் சிலவற்றில் இச்சோதனை இத்துணை உறுதியாக முன்னறிவிப்பதில்லை.

தவணைப் பரீட்சை மாணவனுக்கு விதிக்கும் தீர்ப்பன்று. கற்பிக்கும் முறையை மாற்றுவதற்குரிய அறிவித்தல். நடுவழியில் எடுக்கும் இப்படமும் அத்தகையதே. ஒளி அடங்காத படத்தைக் கண்டு நோயாளி மனமுடைய வேண்டியதில்லை. வழி மாற்றுதற்கு இன்னும் காலமுண்டு என்பதே அது கூறும் செய்தி.