படம் நிற்கும், குழந்தை வளரும்

அயல்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி இன்று ஒரு தகவல்.

சீன தேசம் 1992-இல் தன் குழந்தைகளை அயல்நாட்டார் தத்தெடுக்கச் சட்டபூர்வமான வழியைத் திறந்த பின்னர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எத்தனையோ தம்பதிகள், ஒரு சிறு புகைப்படத்தையும் உயரம், எடை குறித்த மருத்துவக் குறிப்பையும் பெற்றுக்கொண்டு, பிரயாண அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். படத்தைப் பார்த்துச் சட்டை வாங்குவார்கள். புறப்படும் வேளையில் அந்தச் சட்டை சிறியதாகியிருக்கும். படம் அப்படியே நிற்கும், குழந்தை வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆதலால், அனுபவமுள்ள பெற்றோர் ஓர் அளவு பெரிதாகவே வாங்கி வைப்பார்கள். வீட்டிலிருக்கும் மூத்த குழந்தை, “தம்பி எப்போது வருவான்?” என்று தினந்தோறும் கேட்கும்போது, தேதி சொல்லி ஏமாற்றாமல், “இந்நேரம் அவன் நடக்கப் பழகியிருப்பான்” என்று தாய் சொல்வது எவ்வளவு விவேகமான பதில்! இதற்கிடையே குடும்ப நிலை பற்றிய அறிக்கையும் கைரேகைப் பதிவும் காலாவதியாகும். அவற்றையும் புதுப்பிக்க வேண்டும்.

2024-இல் சீன அரசு, நெருங்கிய உறவினர் முதலியோர் நீங்கலாக, அயல்நாட்டாருக்கு இவ்வாயிலை அடைத்துவிட்டது. பெருந்தொற்றினால் 2020-இல் பிரயாணம் தடைப்பட்டபோது இரண்டு வயதாயிருந்த குழந்தைக்கு 2024-இல் ஆறு வயது. படம் மட்டும் கைக்கு வந்து, பெயரும் சூட்டிவிட்ட அமெரிக்கக் குடும்பங்கள், தங்கள் அரசின் வாயிலாக, அந்தக் குழந்தைகளுக்காக முறையிட்டன.