மேடைக்கு அஞ்சிய கலைஞர்
பலே நடனத்திலே தேர்ந்த ஒருவர் மேடையேறவே அஞ்சினார் என்றால் நேயர்கள் வியப்புறுவர். ஸ்கொத்லாந்திற் பிறந்த கெனத் மக்மிலனின் நிலை அதுவே. இலண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவில் ஆடிவந்த அவர், 1953 இல் முதன்முறையாகத் தாமே ஒரு நடனத்தை அமைத்தார். 1955 இல் ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு அமைத்த நடனம் பெரும் பாராட்டைப் பெற்றது. பின்னர் ஆடுதலைக் கைவிட்டு, ஆடுவித்தலையே தொழிலாகக் கொண்டார். அச்சமும் சிலவேளை நல்ல வழிகாட்டி போலும்!

ஆயினும் ஆடுவிப்போனுக்கு வேறு இடர்கள் உண்டு. மாலரின் இசைக்கு நடனம் அமைக்க அவர் விழைந்தபோது, அவ்விசை நடனத்திற்கு ஆகாதெனக் கொவென்ற் கார்டன் அரங்கின் ஆட்சிக்குழு மறுத்தது. ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலே பலே குழுவை நடத்திவந்தவர், முன்பு அவருடன் ஆடிய ஜோன் கிராங்கோ. அங்கே 1965 இல் அந்நடனம் அரங்கேறியது. மறுத்த அரங்கும் அடுத்த ஆண்டிலே அதனை மேடையேற்றியது. 1970 இல் அவ்வரங்கின் அரச பலே குழுவுக்கு மக்மிலனே இயக்குநரானார்.