பல தானியக் கஞ்சியும் நம் உடல்நலமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

   

ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டோம். இவ்வேளையில் மற்றொரு கணக்கையும் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அது நாம் குடிக்கும் ஒரு கிண்ணக் கஞ்சியின் கணக்கு.

சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன், நம் மஹல்லாவின் முதியவர் ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றுடன் என்னிடம் வந்தார். சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய மகன் அனுப்பிய பல தானிய ஓட்ஸ் அது. "ஹஜ்ரத், சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் பள்ளிவாசல் கஞ்சி எனக்கு இல்லை. இதிலே என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். ஐம்பது ஆண்டுகளாக நம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து நோன்பு திறந்தவர், சொன்னபடியே அந்த ரமளான் முழுவதும் தம் வீட்டிலேயே நோன்பு திறந்தார். அவர் அமரும் இடத்தைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் வருந்தியது.

பெட்டியில் அச்சிட்டிருந்த எண்களை அன்று என்னால் வாசிக்க முடிந்ததே தவிர, விளக்க முடியவில்லை. சத்துணவியல் பயின்ற நம் மஹல்லாச் சகோதரி ஒருவரிடம் பாடம் கேட்டேன். கேட்டறிந்ததைத் தங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

உலர்ந்த தானியத்தின் கணக்கு

பல தானிய ஓட்ஸ் என்பது பெரும்பாலும் ஓட்ஸ், கோதுமை, பார்லி, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் ஆகியவற்றின் கலவை. தானியத்தின் வெளியுமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கிடையே நசுக்கி அவலைப் போலத் தட்டையாக்குகின்றனர். தவிடும் முளைக்கருவும் அதிலேயே தங்கிவிடுகின்றன. அதன் சிறப்புக்கு இதுவே காரணம்.

உலர்ந்த ஓட்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி ஆற்றலும், 13 கிராம் புரதமும், ஆறு அல்லது ஏழு கிராம் கொழுப்பும், 10 கிராம் நார்ச்சத்தும், 4 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உள்ளன. கலவைக்குக் கலவை இவ்வளவு சற்று மாறும். உப்பு இயற்கையில் இல்லையென்றே கூறலாம். வைட்டமின் சி அறவே இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். இவ்வெண்கள் யாவும் உலர்ந்த நூறு கிராமுக்கு உரியவை. ஒருவர் ஒரு வேளைக்கு எடுப்பதோ 40 கிராம் அளவே. அதில் நார்ச்சத்து நான்கு கிராம், புரதம் ஐந்து கிராம், ஆற்றல் 150 கலோரி. கால் லிட்டர் நீர் ஊற்றிக் காய்ச்சினால் கிண்ணம் நிறையுமே அன்றிச் சத்து கூடாது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது. ஒரு கிண்ணம் ஓட்ஸ் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் தரும்.

ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்து உண்டு. கஞ்சியின் வழவழப்புக்கு அதுவே காரணம். குடலில் அது பசைபோலப் படர்ந்து, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது; கெட்ட கொழுப்பையும் குறைக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பதை அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1997-ல் ஏற்றுக்கொண்டது. அந்த அளவைப் பெற உலர்ந்த ஓட்ஸ் 60 முதல் 75 கிராம் வரை வேண்டும்.

பெட்டியின் முகமும் முதுகும்

பெட்டியின் முகப்பில் பல தானியம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். உண்மை அதன் பின்புறத்தில் இருக்கும். எடையில் மிகுந்த பொருளை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது சட்டம். கம்பும் ராகியும் பட்டியலின் கடைசியில் இருந்தால், அவை பெயருக்குச் சேர்த்தவை என்று கொள்க. மசாலா சேர்த்த உடனடி ஓட்ஸ் வகைகளில் உப்பும், இனிப்பு வகைகளில் சர்க்கரையும் மிகுந்திருக்கக்கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோடியம் என்ற வரியைப் பாராமல் வாங்க வேண்டாம்.

நம் மண்ணின் தானியங்கள்

சகோதரர்களே! இச்சத்துகள் சிங்கப்பூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. காவிரி பாயும் திருவரங்கம், லால்குடிப் பகுதிகளில் நெல் விளைய, மணப்பாறை, துறையூர், பச்சைமலைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் சாமையும் விளைந்தன. நம் பாட்டன்மார் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு உழைத்தனர். பின்னர் நாம் தீட்டிய வெள்ளை அரிசிக்கே பழகிவிட்டோம்.

பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. கம்பில் 11 கிராமுக்கு மேல். அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை; கம்பில் ஆறு மில்லிகிராம் உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கு மேல். அரிசியிலோ பத்துகூடத் தேறாது. ஓட்ஸின் பீட்டா குளுக்கன் கம்பிலும் ராகியிலும் அந்த அளவில் இல்லை என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். அது வேண்டுவோர்க்கு பார்லி இருக்கிறது. ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் தல்பீனா என்னும் கஞ்சி, பார்லி மாவினாலோ தவிட்டினாலோ காய்ச்சப்படுவது என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். நோயாளிக்கும், துக்கத்தில் இருப்போருக்கும் அது உள்ளத்தில் ஆறுதல் தரும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக அந்த அறிவிப்பு அமைந்துள்ளது.

நமது கஞ்சிக் கொப்பரை

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு 14 பேருக்கு மேல். நம் பந்தியில் நூறு பேர் அமர்ந்தால், இந்தக் கணக்கின்படி அவர்களுள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவே. தானியப் புரதத்தில் குறையும் சத்தை அதிலுள்ள பாசிப்பருப்பு நிறைவு செய்கிறது. வெந்தயமும், இஞ்சியும், புதினாவும் உண்டு. குறை அரிசியில்தான். ஆகவே ஒரு யோசனை. பத்துக் கிலோ அரிசி போடும் கொப்பரையில் ஆறு கிலோ அரிசியும் நான்கு கிலோ கம்புக் குருணையும் போடுவோம். பத்துக் கிலோ அரிசியில் நார்ச்சத்து 280 கிராம். இக்கலவையில் 600 கிராமைத் தாண்டும். இரும்புச்சத்தோ நான்கு மடங்காகும். குருணையை முதல் நாள் இரவே ஊறவைத்தால் விரைவில் வேகும். இரும்புச்சத்தும் உடலில் எளிதில் சேரும். பரிமாறும்போது எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நன்று. காந்தி மார்க்கெட் பக்கத்துத் தானியக் கடைகளில் கம்பு கிடைப்பதால் செலவும் பெரிதாகக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்தத் தானியமும் மருந்தன்று. கம்பிலும் ஓட்ஸிலும் நூற்றுக்கு அறுபது பங்கு மாவுச்சத்தே. மாவாக அரைத்து நெடுநேரம் கொதிக்கவைத்தால் விரைவில் சர்க்கரையாக மாறும். குருணையாக இருப்பதே மேல். சத்து மிகுந்தது என்று மூன்று கிண்ணம் குடித்தால் அரிசிக் கஞ்சி செய்த தீங்கையே இதுவும் செய்யும். கோதுமை, பார்லி, ரை ஆகியவை ஒவ்வாதோர் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றவோ, நோன்பு நோற்கவோ கூடாது.

அளவையிலும் நிறுவையிலும் நீதமாக இருக்க ஏவப்பட்ட சமுதாயம் நாம். கடைத் தராசில் காட்டும் பேணுதலை நம் கிண்ணத்திலும் காட்டுவோம். வரும் ரமளானில் முதல் பத்து நாட்களுக்கேனும் இதைச் செய்து பார்க்க நிர்வாகப் பெருமக்கள் இசைவு தருமாறு வேண்டுகிறேன். அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மருத்துவர் அனுமதித்தால் ஒரே ஒரு கிண்ணம் என்ற நிபந்தனையோடு வருவதாக வாக்களித்திருக்கிறார். அவருடைய இடம் வரிசையில் காத்திருக்கிறது.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும், அதனைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.