ஒரு செடி, பல சுவை



தேநீர் கசந்துவிட்டால் தேயிலையின்மேற் பழி சுமத்துவது நம்மவர் வழக்கம். சீன நாட்டு இலைத் தேநீரின் இயல்பை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லார். நீர் எவ்வளவு சூடாயிருந்தது, இலை எவ்வளவு நேரம் ஊறியது என்ற இரண்டையுமே அவர்கள் முதலிற் கேட்பர்.

நாம் அன்றாடம் அருந்துவது பெரும்பாலும் நொறுக்கப்பட்ட இலை. கொதிநீர் பட்டதும் அதன் சாறு விரைந்து இறங்கிவிடும். பாலும் சீனியும் சேர, துவர்ப்பு அடங்கிவிடும். சீனத்து நல்ல தேயிலையோ முழு இலையாகவே கோப்பைக்கு வருவது. அதிற் பாலுமில்லை, சீனியுமில்லை. ஆதலால் பிழை மறைந்திருக்க இடமுமில்லை.

இவ்வழக்கம் ஆதியிலிருந்தே வந்ததன்று. 8ஆம் நூற்றாண்டில், தாங் வம்சத்தார் காலத்தில், லூ யூ என்னும் அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் இயற்றினார். அந்நாளில் இலையை அவித்து இடித்து வில்லைகளாக்கி, பின்னர் பொடிசெய்து, உப்பிட்டுக் கொதிக்கவைத்தனர். 1391ஆம் ஆண்டில் மிங் பேரரசர், அரண்மனைக்கு வில்லைத் தேயிலையைத் திறையாக அனுப்புவதை நிறுத்தி, உதிரி இலையையே அனுப்புமாறு பணித்தார். அதன் பின்னரே இலையை வெந்நீரில் ஊறவைக்கும் முறை ஓங்கியது.

பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலோங், சிவப்பு, கருமை எனச் சீனர் தேயிலையை அறுவகைப்படுத்துவர். நாம் கறுப்புத் தேயிலை என்பதை, அதன் சாயம் நோக்கி, அவர்கள் சிவப்பு என்பர். இவையனைத்தும் ஒரே செடியின் கொழுந்துகளே. பறித்தபின் அவற்றைப் பக்குவப்படுத்தும் முறையே வேறு. வாடிய இலையின் சாறு காற்றோடு கலந்து நிறம் மாறுவதை முற்றாகத் தடுத்தால் பச்சை. பாதியில் நிறுத்தினால் ஊலோங். முழுவதும் நிகழவிட்டால் சிவப்பு.

ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியை அடுத்த குன்றுகளில் விளையும் லோங்சிங் பச்சைத் தேயிலையை எடுத்துக்கொள்வோம். இளவேனிற் கொழுந்தைச் சூடேறிய இரும்புச் சட்டியிலிட்டு, வெறுங்கையால் அழுத்தி அழுத்தி வறுப்பர். இலை தட்டையாகும், வறுத்த பயறு போன்ற மணம் எழும். இதன்மீது கொதிநீரை ஊற்றுதல் தகாது. இலையின் இன்சுவை மிதமான சூட்டிலேயே நன்கு கரையும்; கசப்பும் துவர்ப்புமோ சூடு மிக மிக விரைந்து இறங்கும். கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் அளவில், ஒரு கண்ணாடிக் குவளைக்கு 3 கிராம் இலையிட்டு ஊற்றுக. இரண்டு நிமிடம் போதும்.

பூசியன் மாகாணத்து அன்சியில் விளையும் தியே குவான்யின் என்னும் ஊலோங்கிற்கு இதற்கு நேர்மாறான முறை வேண்டும். அதன் இலைகள் இறுகச் சுருண்ட மணிகளாயிருக்கும். கொதிநீரன்றி அவை விரியா. சிறிய குடுவையில் 100 மில்லி லீற்றர் நீருக்கு 6 கிராம் இட்டு, இருபது விநாடியில் வடித்துவிடுக. மீண்டும் மீண்டும் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் கூட்டுக. முதற் கோப்பையில் மலர்மணம், மூன்றாவதில் நிறைந்த சுவை, ஆறாவதில் மெல்லிய இனிமை என ஒரே இலை பல நிலை காட்டும்.

யுன்னானின் பழைய பூ-ஏர் தேயிலையும் கொதிநீரையே வேண்டுவது. அதனை முதலில் ஒருமுறை வெந்நீரால் அலசி, அந்நீரைக் கொட்டிவிடுவர்.

சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் நனைந்த இலையை முகர்க. பின்னர் ஒரு மிடறு தேநீரைக் காற்றோடு சேர்த்து ஒலியெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு விழுங்குக. சிறிது பொறுத்திருந்தால், மெல்லிய கசப்பின் பின்னே தொண்டையில் ஓர் இனிமை மீண்டு வரும். நெல்லிக்கனி தின்று நீர் அருந்தியோர் இதனை எளிதில் உணர்வர். அவ்வினிமை வருமாயின் இலையும் நன்று, கையும் நன்று.

ஒரு கிலோகிராம் உயர்ந்த லோங்சிங்கிற்குப் பல்லாயிரம் கொழுந்துகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒருவர் விரல் கிள்ளியது. மலைச்சரிவில் நின்று பறித்தவர், சட்டியின்முன் வியர்வை சிந்தி வறுத்தவர் ஆகியோரின் உழைப்பெல்லாம் ஈற்றில் நமது கெண்டியின் முன் வந்து நிற்கிறது. அங்கே தேயிலைத் தொழில் இன்னும் முடிந்துவிடவில்லை. அதன் கடைசித் தொழிலாளி நீரை ஊற்றுபவரே. அவர் சற்றுப் பொறுத்தால் அத்தனை பேர் உழைப்பும் மணக்கும்; அவசரப்பட்டால் கசக்கும்.