வளர்ந்த நாய்க்குப் புதுப் பாடம்



சித்தூரும் திருப்பதியும் சூழ்ந்த இந்த வட்டாரம் பழைய வேட்டுவர் நிலம். கண்ணப்ப நாயனாரின் காளத்தி மலை இங்கேதான் இருக்கிறது. அவருடைய வேட்டையை விரித்துரைக்கும் சேக்கிழார், வில்லையும் வலையையும் சொல்வதோடு உடன்சென்ற நாய்களையும் மறவாமல் சொல்கிறார்.

அந்த வேட்டைக்கு இன்று இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தருகிறது. கொல்வது மட்டுமன்று, துரத்துவதும், கண்ணி வைப்பதும், பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டையே. 1991இல் செய்த திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது.

சட்டத்தை நாம் அறிவோம், நாய் அறியுமா? லாப்ரடார், ஸ்பானியல் முதலிய இனங்கள் பறவை வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. நிலக்கடலைக் கொல்லையில் கவுதாரி ஒன்று சடசடவென்று எழுந்தால், அவற்றின் இரத்தத்தில் உறங்கும் பழைய தொழில் விழித்துக்கொள்கிறது. கவுதாரியும் காடையும் ஆட்காட்டியும் தரையில் முட்டையிடுபவை. கட்டவிழ்ந்த நாய் ஒன்று போதும். ஓர் ஈட்டு முட்டை முழுவதும் நொடியில் பாழாகும்.

இதற்கு மருந்து வேட்டை நாயின் பழைய கல்வியிலேயே இருக்கிறது. பாய்வதைக் கற்பிப்பதே அக்கல்வி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் பெரும்பகுதி அடக்கமே. மோப்பம் கிடைத்ததும் சிலைபோல் நிற்பது, பறவை எழுந்தாலும் அமர்ந்திருப்பது, ஏவிய பின்னரே செல்வது, எடுத்ததைப் பல் படாமல் கொணர்ந்து கையில் கொடுப்பது: இவையே தேர்ந்த நாயின் இலக்கணம். துப்பாக்கியை நீக்கிவிட்டால், நம் காலத்துக்கு வேண்டிய பாடமும் இதுவே.

மூன்று நான்கு வயது கடந்த நாய் இதைக் கற்குமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர். நாயின் திறத்தில் அது முழு உண்மையன்று. குட்டியைவிட வளர்ந்த நாய்க்குக் கவனம் நிலைக்கும். தடையாக நிற்பது பழக்கமே. துரத்துவதே நாய்க்கு இன்பமாதலால், ஒவ்வொரு துரத்தலும் அப்பழக்கத்துக்கு உரமிடுகிறது. ஆகவே, பயிற்சிக் காலத்தில் பத்து மீட்டர்க் கயிறின்றி அதை வெளியே விடலாகாது.

முதற்பாடம், அழைத்தால் வருவது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் வீட்டார் ‘வா’ என்பர். தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் ‘ரா’ என்பர். நாய் திகைக்கும். எல்லோரும் ஒரே சொல்லைக் கொள்ளுங்கள். அன்றேல் விசில் ஒன்றைப் பழக்குங்கள். வந்ததும் ஒரு துண்டு உணவு தருக. தாமதமாக வந்தாலும் அடிக்கலாகாது. அடித்தால், திரும்பி வருவதே துன்பம் என்று அது கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, அமர்ந்திருப்பது. துணிச்சுருள் ஒன்றை அதன் கண்முன் எறிந்து, சற்றுப் பொறுத்து, பின்னர் ஏவுக. கொணர்ந்ததைப் பிடுங்காமல், உணவு கொடுத்து மாற்றிக்கொள்க. மூன்றாவது, பறவைகளின் எதிரே அமைதி. கோழிகள் மேயுமிடத்துக்குத் தொலைவில் தொடங்கி, நாய் அமைதி காக்கக் காக்க, நாள்தோறும் சிறிது நெருங்குக. இவ்வட்டார வெயிலுக்கு விடியலிலும் அந்தியிலும் பத்துப் பத்து நிமிடமே போதும்.

இத்தகைய நாய் பறவைக்குக் காவலாகவும் அமையும். நியூசிலாந்தில் 1890களில் ரிச்சர்டு ஹென்றி என்பவர், வாய்க்கூடு பூட்டிய நாயின் மோப்பத்தால் காக்காப்போ என்னும் பறக்கவியலாக் கிளிகளைத் தேடிப் பிடித்து, காப்பதற்காகத் தீவொன்றுக்குக் கொண்டுசென்றார். இன்றும் அந்நாட்டில் பயிற்சி பெற்ற நாய்கள் அரிய பறவைகளைக் கண்டறிய உதவுகின்றன.

2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் நேலப்பட்டுச் சரணாலயம் உள்ளது. கூழைக்கடாக்கள் அங்கே கூடு கட்டுகின்றன. பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் இறங்குகின்றன. அங்கெல்லாம் செல்லும்போது, எவ்வளவு பழகிய நாயாயினும் வீட்டிலேயே இருக்கட்டும். ஏனைய நாள்களில், வயலோரத்தில் கவுதாரி எழும்போது உங்கள் நாய் உட்கார்ந்து உங்கள் முகத்தை நோக்குமாயின், பயிற்சி பலித்தது என்று கொள்ளலாம்.